பச்சைக் கட்சிக்காரருக்குப் போர்த்திய மஞ்சள் பொன்னாடை

"இங்கேயும் அவங்கதானா?"

எங்கள் வீட்டு மாடிப்படியின் நடுவில் நின்று, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்துக் கேட்டார் காக் ரெப்வார். கேட்டது ஆங்கிலத்தில். முகத்தில் இருந்தது எந்த மொழியிலும் புரியக்கூடிய வெறுப்பு.

பெங்களூர் மர்பி டவுனில் ஒரு நவம்பர் காலை. கர்நாடக ராஜ்யோத்சவத்துக்காக ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் தெரு முழுக்கத் தோரணம் கட்டியிருந்தார்கள். கம்பத்துக்குக் கம்பம் மஞ்சளும் சிவப்பும். பால் பூத்தின் கூரையில் கொடி, மெக்கானிக் கடை வாசலில் கொடி, ஆட்டோக்களின் முன்கண்ணாடியில் கொடி. பிரியாணிக் கடைக்காரர் அண்டாவுக்கே ஒரு ரிப்பன் கட்டிவிட்டிருந்தார்.

"காக், இது கட்சிக் கொடி இல்லை. கன்னடக் கொடி. இந்த மாநிலத்துக்குப் பிறந்த நாள். கீழே சிவப்பு இருக்கு பாருங்க."

அவர் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"மேலே மஞ்சள் இருக்கு, மாமோஸ்தா. எப்பவும் மேலே அவங்கதான்."

சொல்லிவிட்டுத் திரும்பி மாடிக்கே ஏறிவிட்டார். அவருடைய இடது கால் செருப்பு மட்டும் நடுப்படியில் கிடந்தது. கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காலுக்குத் தெரிவது கொஞ்ச நாளாகவே குறைந்துகொண்டு வந்தது.

கிரேஸ் சமையலறையிலிருந்து வந்து செருப்பை எடுத்துப் படியோரமாக வைத்தாள். கிரேஸ் என் மனைவி. வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். என் எழுத்தைப் படிக்காமலேயே அதன் குறைகளைச் சொல்லக்கூடியவள்.

மாடிக்கு வந்த மலைக்காரர்

எங்கள் மாடி போர்ஷன் காலியாக இருந்தபோது, ஏர்போர்ட் ரோடு பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வெளிநாட்டு நோயாளிகளுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் தரகர் இவரை அழைத்து வந்தார். "ஈராக் பார்ட்டி சார். டீசென்ட். நான்வெஜ்" என்றார். எங்கள் தெருவில் மூன்றாவதைத் தகுதியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

வந்தவர் அறுபதைத் தாண்டியவர். தொளதொள கால்சட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு முழுப் புடவை அளவுக்குத் துணி, கத்தரித்த மீசை. முதல் நாளே எங்களைத் திருத்தினார். ஈராக் என்பது பாஸ்போர்ட், தான் குர்து. "காக்" என்றால் அவர்கள் மொழியில் அண்ணன் மாதிரி ஒரு மரியாதை. என்னை "மாமோஸ்தா" என்று கூப்பிட்டார். படித்தவர், ஆசான் என்று அர்த்தமாம். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன். பிறகுதான் கவனித்தேன், கண்ணாடி போட்ட எல்லோரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார். கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் மாமோஸ்தாதான்.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு ஜீப் ஓட்டிக் கற்றுக்கொண்ட ஆங்கிலம் அவருடையது. அதில் நிகழ்காலம் மட்டும்தான் உண்டு. "நான் மலையிலே இருக்கேன். பனி விழுது. விமானம் வருது" என்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார். கேட்பவன் ஒரு தடவை மேலே பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அது நாற்பது வருஷத்துக்கு முந்தைய விமானம் என்பது பிறகுதான் உறைக்கும்.

டீயும் அப்படித்தான். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதன் வழியாக டீயை உறிஞ்சுவார்.

"ஏங்க, சர்க்கரை வாயில, டீ கிளாஸ்ல. நானே கலந்து குடுத்தா இன்னா கெட்டுப்போவுது?" என்றாள் கிரேஸ்.

"அது அவங்க பழக்கம்."

"பழக்கமாவே இருக்கட்டும். டப்பா காலியாவுது."

அவர் முதுகில் ஒரு குண்டுத் துண்டு இருந்தது. பீரங்கிக் குண்டின் சிதறல், சுண்டு விரல் நகம் அளவு. வருஷக்கணக்காக ஒரு மூலையில் சமர்த்தாக இருந்துவிட்டு, சமீபத்தில் முதுகுத்தண்டுப் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. இடது கால் மரத்துப்போவது அதனால்தான். இப்போது எடுத்தால் நடை திரும்பும், தாமதித்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள்.

சிக்கல் துணைக்கு வந்த அக்கா மகனால் வந்தது. ஊரில் மனைவிக்குக் குறைமாதத்தில் வலி எடுத்துவிட்டதென்று அவன் அடித்துப்பிடித்துத் திரும்பிப் போனான். ஆஸ்பத்திரியில் கறாராகச் சொன்னார்கள்: முதுகுத்தண்டு விஷயம், ரத்த சொந்தம் ஒருத்தர் கூட இருந்தே ஆக வேண்டும். பெங்களூர் ஆஸ்பத்திரி பாஷையில் அவருக்கு அட்டெண்டர் என்று பெயர். நான் இருக்கிறேன் என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு?" என்றார்கள். வீட்டுக்காரர் என்றேன். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள்.

"வேற யாருமே இல்லையா காக்?"

"ஒரு தம்பி இருக்கான்."

"கூப்பிடலாமே?"

"அவன் மஞ்சள்."

பேச்சு அத்தோடு முடிந்தது.

நிபுணர் ஆன கதை

மஞ்சள் என்றால் என்ன என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. குர்து அரசியலில் அல்சூர் ஏரிக்குக் கிழக்கே உள்ள ஒரே நிபுணர் நான். போட்டிக்கு யாரும் இல்லாத துறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நிபுணர் ஆவது சுலபம். வாலிபத்தில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு வரலாற்று நூலை மழைக்கு ஒதுங்கிய நன்றிக்காக வாங்கினேன். மழை நின்றது, பைத்தியம் நிற்கவில்லை.

ஏன் பிடித்துக்கொண்டது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. என் அப்பா கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். சித்தப்பாவும் அதே சுரங்கம், அதே ஷிப்ட். சங்கம் மட்டும் வேறு. ஒரே சங்கமாக இருந்து உடைந்ததுதான். ஏன் உடைந்தது என்று அப்பா விளக்குவார், சித்தப்பா விளக்குவார், இரண்டும் வேறு வேறு சுரங்கங்களில் நடந்த மாதிரி இருக்கும். ஆட்களை இறக்கும் கேஜில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். பேச மாட்டார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அப்பா பீடி பற்ற வைக்காமல் வாசலிலேயே நிற்பார். சித்தப்பாவின் தலை தெரிந்த பிறகுதான் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கும்.

கடைசியில் சுரங்கத்தையே மூடினார்கள். இரண்டு சங்கமும் ஒரே நாளில் தோற்றன. அதற்குப் பிறகும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. சித்தப்பா இறந்தபோது, மூடிய சுரங்கத்திலிருந்து யாரோ இன்னும் மேலே வர வேண்டியிருப்பது மாதிரி, அப்பா வெகுநேரம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சரி, அது கிடக்கட்டும். குர்திஸ்தானுக்கு வருவோம்.

பை-டூ காபி ஆட்சி

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு மலையில் ஒரு கட்சி பிறந்தது. அதற்கென்று ஒரு படையும். அந்தப் படையினருக்குப் பெயர் பேஷ்மெர்கா: சாவை முகத்துக்கு நேரே பார்ப்பவர்கள். பாக்தாதை எதிர்த்து வருஷக்கணக்காகச் சண்டை. ஈரான் மன்னர் உதவிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவரே பாக்தாதோடு கைகுலுக்கிக் குழாயை மூடிவிட்டார். படை கலைந்தது.

தோற்றால் அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? யாரால் தோற்றோம் என்ற கேள்வி எழுந்தது. பழைய கட்சியில் தலைமை குடும்பச் சொத்தாகிவிட்டது என்று சொல்லிச் சிலர் வெளியே வந்து, டமாஸ்கஸ் நகரத்துக் காபிக் கடை ஒன்றில் உட்கார்ந்து புதுக் கட்சியை அறிவித்தார்கள் என்பார்கள். பழையது மஞ்சள். புதியது பச்சை. காலப்போக்கில் பச்சையிலும் தலைமை ஒரு குடும்பத்துக்குள் போய்ச் சேர்ந்தது. நாம் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம்.

பச்சைக்கும் சொந்தப் படை. அதில்தான் நம்மவர், கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, மலையேறினார். வீரதீரப் படங்களை எதிர்பார்த்து நான் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "நான் கழுதை ஓட்டறேன்." கோவேறு கழுதை. அதன் முதுகில் கட்சியின் வானொலி நிலையம். விமானம் வந்தால் நிலையத்தை அவிழ்த்துக் கழுதையில் ஏற்றிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்குக்கு ஓட வேண்டும். "கட்சி பேசுது. கழுதை நடக்குது. நான் நடுவிலே" என்றார். உலகத்தில் எல்லாக் கட்சிகளின் தொண்டர் படைக்கும் இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

தம்பி ஹெமின் மஞ்சளில் சேர்ந்தார். வீட்டுக்கு ஒருவர் ஒவ்வொரு பக்கமும் இருப்பது அங்கே அதிசயம் இல்லையாம். யார் ஜெயித்தாலும் வீட்டைக் கொளுத்த மாட்டார்கள்.

பிறகு பாக்தாதின் பிடி தளர்ந்து, இரண்டு கட்சியும் தேர்தலில் கிட்டத்தட்டச் சமமாக வந்து, ஆட்சியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மந்திரி மஞ்சள் என்றால் அவருக்கு அடுத்தவர் பச்சை. மந்திரி பச்சை என்றால் அடுத்தவர் மஞ்சள். பெங்களூர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். பை-டூ காபி. ஒரு காபியை வாங்கி இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிப்பது. நண்பர்களுக்குள் நன்றாக ஓடும். எதிர் கிளாஸில் ஒரு சொட்டு கூட இருக்கிறதோ என்று பார்ப்பவர்களிடம் ஓடாது.

ஓடவில்லை. இரண்டு படைகளும் ஒன்றையொன்று சுட்டன. அந்த வருஷங்களை அவர்களே சகோதரக் கொலை என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சண்டையில், ஒரு மலையில் பச்சை, எதிர் மலையில் மஞ்சள். எதிர் மலையில் ஹெமின் இருந்த படைப்பிரிவு என்று கேள்வி. அங்கிருந்து வந்த குண்டின் சிதறல்தான் அந்தச் சுண்டு விரல் நகம்.

"தம்பி சுட்டதா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். எழுதுகிறவனுக்கு நாக்கில் எலும்பு இல்லை.

"நான் கேக்கலை. அவன் சொல்லலை" என்றார். டீ ஆறிப்போயிருந்தது. வாயில் இருந்த சர்க்கரைக் கட்டியைக் கடக்கென்று கடித்தார்.

இப்போது சமாதானம், கூட்டாட்சி எல்லாம் உண்டு. இரண்டு படைகளையும் ஒன்றாக்கும் பேச்சு வருஷாவருஷம் நடக்கிறது. அண்ணனும் தம்பியும் மட்டும் அந்த மலையிலிருந்து இறங்கவில்லை.

தாமோதரனின் மூட்டை

எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிறு அல்சூரில் ஒரு டியூஷன் சென்டரில் கூடும். செயலாளர் தாமோதரன், தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி முதல் ஆளாக வந்துவிடுவார். அந்த மாதம் நான் பேச வேண்டும். தலைப்பு, ஒரு மலைக் கட்சியும் அதன் படையும். அந்தக் கட்சியின் படையில் இருந்தவரே என் மாடியில் இருக்கும்போது விடுவேனா? சிறப்பு விருந்தினராக அழைத்துப் போனேன். ஆபரேஷன் தள்ளிப்போன வாட்டத்துக்கு ஒரு மாறுதலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் பேச்சுக்கு ஒரு சாட்சி கிடைத்தது.

நன்றாகவே பேசினேன். மஞ்சளையும் பச்சையையும் பிரித்துப் பிரித்து, பை-டூ காபி உதாரணத்தோடு விளக்கினேன். "அந்த மண்ணில் நிறம் என்பது அலங்காரம் அல்ல, உயிர்" என்று குரலை இறக்கி முடித்தேன். கைத்தட்டல் நின்றதும் தாமோதரன் எழுந்தார்.

"அடுத்ததாக, குர்திஸ்தான் விடுதலைப் போராளிக்கு நமது நிபுணர் பொன்னாடை போர்த்தி கௌரவிப்பார்!"

தாமோதரன் சிக்பேட்டையில் பொன்னாடைகளை மூட்டையாக வாங்கிப் பரணில் வைத்திருப்பவர். கவிஞர் வந்தாலும் கண் டாக்டர் வந்தாலும் அதே ஆடைதான். என் கையில் ஒன்றை வைத்தார். தமிழன் கையில் பொன்னாடையை வைத்தால் கை தானாக விரிக்கும், மூளையைக் கேட்காது. விரித்தேன். போர்த்தினேன். சிரித்தேன். செல்போன்கள் மின்னின. அவர் தோளில் படிந்த பிறகுதான் பார்த்தேன்.

மஞ்சள். பளபள மஞ்சள். ஓரத்தில் ஜரிகை வேறு.

அவர் காதோரம் குனிந்து, "காக், மன்னிச்சுக்கங்க, எடுத்துடறேன்" என்றேன்.

"இது கட்டாயமா?" என்றார்.

"இல்லை, இல்லை. ஒரு மரியாதை."

"அப்போ எப்படி எடுக்கறது? விருந்தாளி நான். வீட்டுக்காரர் போர்த்தறார்." நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வி நேரம், நன்றியுரை, மிக்சர், டீ எல்லாம் முடியும் வரை, எதிரி முகாமில் பிடிபட்ட தளபதி மாதிரி, அந்த மஞ்சளை அசையாமல் சுமந்தார்.

இத்தோடு போயிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. தாமோதரன் டீ நேரத்தில் அவரை முகநூலில் நண்பராக்கிக்கொண்டு, வீடு போகும் பஸ்ஸிலேயே படத்தை ஏற்றி, அவர் பெயரையும் கோத்துவிட்டார்.

பொன்னாடைப் படம் காலை நாளிதழில் வந்தால் நம் ஊரில் என்ன அர்த்தம்? ஆள் கட்சி மாறிவிட்டார். அங்கேயும் அதே அர்த்தம்தான் என்பதை என் அட்டை கிழிந்த புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை.

விளக்க அறிக்கை

மறுநாள் காலை மாடியில் போன் ஓயவில்லை. முதலில் அக்கா மகன். பிறகு அவருடைய மலைக்காலத்துத் தோழர்கள், வரிசையாக. எந்தத் தேதியில் சேர்ந்தாய், என்ன பதவி என்று விசாரணை. தினம் சாயங்காலம் ஒன்றாக டீ குடிக்கும் பழைய பேஷ்மெர்காக்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கியே விட்டார்கள்.

"நான் கழுதையோட இருக்கேன். பனி. அவங்களோட ஒரே ரொட்டி" என்று போனைக் காட்டினார். "இப்போ ஒரு பொத்தான். நான் வெளியே."

தாமோதரனை வரவழைத்தேன். பாவம், மனுஷன் ஆடிப்போய்விட்டார். படத்தை எடுத்துவிட்டார், ஆனால் அதற்குள் அது அவரைவிட அதிக ஊர்களைப் பார்த்திருந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"சார், சிம்பிள். பச்சைத் துண்டு போர்த்தி இன்னொரு போட்டோ போட்டுடலாம். மறுப்பு அறிக்கை மாதிரி."

"இன்னா பச்சையோ இன்னா மஞ்சளோ," என்றாள் கிரேஸ். "மனுஷனுக்கு ஆபரேஷன் நிக்குது, நீங்க ரெண்டு பேரும் துணிக்கடை நடத்துறீங்க."

இருந்தாலும் தாமோதரன் சிவாஜிநகர் போய் ஒரு பச்சைத் துண்டோடு வந்தார். வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று தெருவில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தோம். போர்த்தினோம். எதிரே ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து மஞ்சுநாத் எட்டிப் பார்த்தான்.

"ஏனு சார், ரைத சங்கக்கே சேர்பிட்ரா?"

விவசாய சங்கத்தில் சேர்ந்துவிட்டாரா என்று கேட்கிறான். கர்நாடகத்தில் தோளில் பச்சைத் துண்டு போட்டால் விவசாயி என்று அர்த்தம். இதை நான் காக்குக்கு மொழிபெயர்த்தேன்.

அவர் தெருவைப் பார்த்தார். மேலே மஞ்சள் தோரணம், தோளில் விவசாய சங்கம். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்து தாமோதரன் பின்வாங்கினார். சிரிக்கிறார். வந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் மறுபடி போன் அடித்தது. திரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தெரியாத எண் போல என்று நினைத்தேன். எண் தெரியாதுதான், ஆனால் அதில் வந்த முகப்புப் படம் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"யாரு காக்?"

போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். அடித்து ஓயட்டும் என்று விடுகிறார் என்று தெரிந்தது. எனக்கு என்னவோ அப்பாவின் தீக்குச்சி உரசும் சத்தம் ஞாபகம் வந்தது. "எடுங்க" என்றேன். அதிகாரமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. எடுத்தார்.

அவர்கள் பேசியது குர்து மொழியில். நிபுணருக்கு ஒரு வார்த்தை புரியாது. முகத்தைத்தான் படித்தேன்.  முதலில் எதிர்முனையில் ஒரே ஒரு வாக்கியம். காக்கின் புருவம் மேலே போனது. பதிலுக்குக் கத்தினார். அங்கேயும் கத்தினார்கள். மஞ்சுநாத் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்து நின்றான். கத்தல் நின்றது. ஏதோ கேள்வி, சின்னப் பதில். கேள்வி, சின்னப் பதில். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி" என்றார்.

"என்ன சொல்றார்?"

"சொல்றான், அந்த நிறம் உனக்கு எடுக்கலை. எங்களைக் கேவலப்படுத்தாதேன்னு."

காக் தொடர்ந்தார்.

"நான் சொல்றேன், பைத்தியக்காரா, நான் சேரலை, இந்த ஊர்லே எல்லாருக்கும் போர்த்தறாங்க. அவன் கேக்கறான், ஏன் மூஞ்சி இளைச்சிருக்கு. நான் சொல்றேன், ஆஸ்பத்திரி. எங்கே வலி? முதுகு. அப்புறம் அவன் பேசலை." பச்சைத் துண்டின் நுனியை விரலில் சுற்றினார். "எதனாலே முதுகு வலின்னு அவன் கேக்கலை, மாமோஸ்தா."

அட்டெண்டர்

விசா கிடைத்து ஹெமின் வந்து சேர்ந்தபோது நவம்பர் முடியப் போகிறது. தோரணம் வெளுத்திருந்தது, ஆனால் இருந்தது. கர்நாடகத்தில் ராஜ்யோத்சவம் மாதம் முழுக்க நடக்கும்.

டாக்சியிலிருந்து இறங்கிய ஹெமின் அண்ணனின் அச்சு. மீசை மட்டும் கறுப்பு, மை உபயம். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். நெஞ்சு விரிந்தது. மாடியைப் பார்த்து ஏதோ கூவினார். மாடியிலிருந்து அதைவிடச் சத்தமாகப் பதில் வந்தது. மொழிபெயர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

கட்டிப் பிடித்துக்கொள்வார்கள் என்று கிரேஸ் வாசலிலேயே நின்றாள். இல்லை. படியேறிக்கொண்டிருந்த ஹெமின் நடுவில் நின்றார். அங்கே இடது கால் செருப்பு கிடந்தது. குனிந்து எடுத்தார்.  பிறகு மேலே போய், அண்ணன் காலடியில் மண்டியிட்டு மாட்டிவிட்டார். போட்டதுகூட அந்தக் காலுக்குத் தெரிந்திருக்காது. அதற்கப்புறம் இருவரும் சண்டை போட்டார்கள். சமையல் யார் செய்வது என்பதில் ஆரம்பித்துக் கட்சி உடைந்த வருஷம் வரைக்கும் போனது. கதவைச் சாத்தியும் கேட்டது.

ஆபரேஷன் அன்று ஹெமினுக்குக் கழுத்தில் அட்டெண்டர் அட்டை மாட்டினார்கள். அட்டையின் நாடா பச்சை. அதை ஒருதரம் கையில் எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைக்குள் விட்டுக்கொண்டார். ஆபரேஷன் அறைக் கதவுக்கு எதிரே சாயங்காலம் வரை நின்றார். உட்காரச் சொன்னேன். சிகரெட்டைப் பற்ற வைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டே நின்றார். அந்த நிலையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

டாக்டர் வெளியே வந்து, கால் விரல்கள் அசைகின்றன என்றார். மாதிரி எடுக்கும் சின்ன டப்பாவில் அந்தத் துண்டைப் போட்டு, சொந்தக்காரர் என்ற முறையில் ஹெமினிடம் கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. கைக்குள் மூடிக்கொண்டார்.

கடைசிச் சொட்டு

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், டாக்டர் நடக்கச் சொன்ன பயிற்சியாக, காக் ரெப்வாரை அல்சூர்ச் சந்தைப் பக்கம் நின்று குடிக்கும் ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். ஹெமினும் வந்தார். காக் கல்லாவுக்குப் போய் இரண்டு விரலைக் காட்டி, "பை-டூ" என்றார். என் பேச்சை யாரோ ஒருவராவது கவனித்திருக்கிறார்.

இரண்டு கிளாஸ் வந்தது. இருவரும் குனிந்து மட்டம் பார்த்தார்கள். ஹெமின் தன் கிளாஸிலிருந்து ஒரு சொட்டு அண்ணன் கிளாஸில் ஊற்றினார். அண்ணன் அதைத் திருப்பி ஊற்றினார். காபி மேஜையில் சிந்தியது.

ஹெமின் சட்டைப் பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்துச் சிந்திய காபிக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணனைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு, ஏதோ சொன்னார். நான்கைந்து வார்த்தைதான். காக் தலையை ஆட்டினார். டப்பாவை எடுத்துத் தன் இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டார். இருவரும் காபியைக் குடித்தார்கள்.

மறுநாள் காலை டாக்சி வந்தது. பெட்டிகளை ஹெமின் இறக்கிக்கொண்டிருந்தார். மேல் பெட்டியின் ஜிப் இடுக்கில் ஜரிகை ஓரம் எட்டிப் பார்த்தது. மஞ்சள் பொன்னாடை தம்பிக்குப் போய்விட்டது. பச்சைத் துண்டு காக்கின் கழுத்தில்.

மாடியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார் காக்.

"நேத்து ஓட்டல்ல தம்பி என்ன சொன்னார்?" என்றேன். நாக்கில் எலும்பு இன்னும் முளைக்கவில்லை.

"சொல்றான், அன்னைக்கு அவன் அந்த மலையிலே இல்லை. காய்ச்சல். கீழே கிராமத்திலே படுத்திருக்கான்."

"அப்பாடா" என்றேன்.

"பொய், மாமோஸ்தா." கீழே தம்பி டாக்சிக்காரனோடு பெட்டி வைக்கும் விதத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவனுக்குப் பொய் வராது. சின்னதிலேர்ந்தே வராது. ஆனா அவ்வளவு தூரத்திலேர்ந்து எடுத்துக்கிட்டு வந்து போர்த்தறான். எப்படி எடுக்கறது?"

கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் இறங்கினார். டாக்சி திரும்பி, வெளுத்த தோரணங்களுக்குக் கீழே போய் மறைந்தது. கிரேஸ் வழக்கம்போல நடுப்படியைப் பார்த்தாள். எடுத்து வைக்க ஒன்றும் இல்லை.